கடிகாரம் சுற்றும் வைபவம்

தலைநகர் தில்லியில் விழாக்களைக் குறித்த நேரத்தில், ஒரு நொடிகூடப் பிசகாமல் தொடங்குகிற ஒரே தமிழ் அமைப்பு எங்கள் வடதிசைத் தமிழ் மன்றம்தான். இதை நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். அழைப்பிதழில் 'சரியாகக் காலை பத்து மணிக்கு' என்று அச்சடித்தால் பத்து மணிக்கு இறைவணக்கம். ஒன்பது ஐம்பத்தொன்பதும் கிடையாது, பத்து ஒன்றும் கிடையாது. இந்த மகத்தான சாதனையில் அடியேன் அச்சுதனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டாரில் ஒரு பாராத்கர் இருக்கிறது. கல்யாண ஊர்வலம் வந்து இறங்குவதற்கென்று கட்டிய சமுதாயக் கூடம். அதை அரை நாள் வாடகைக்கு எடுத்து நாங்கள் தமிழ் வளர்க்கிறோம். பத்து மணி என்று போட்டால் பதினொன்றுக்கு ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னும் யாரும் வரலியா?" என்று கேட்டுவிட்டு, தானும் வராதவராகத் திரும்பிப் போய்விடுவார். ஒரு தடவை சிறப்பு விருந்தினராக அழைத்திருந்த பேராசிரியர், பாவம், அழைப்பிதழை நம்பிப் பத்து மணிக்கே வந்துவிட்டார். கூடம் பூட்டியிருந்தது. வாசலில் காவல் காக்கிற பீகார்க்காரச் சௌகிதார் மூட்டின நெருப்பில் அவரும் உட்கார்ந்து குளிர் காய்ந்து, பாதிச் சொற்பொழிவை அந்தப் பீகார்க்காரரிடமே நிகழ்த்திவிட்டார். மேடையில் எங்களுக்குக் கிடைத்தது மீதிப் பாதிதான்.

இதற்கு யார் பொறுப்பு என்று செயற்குழு கூடி ஆராய்ந்தது. செயலாளர் மகாதேவன் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. எந்தக் குற்றத்துக்கும் மனுஷன் அல்லாத ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் சுவரைச் சுட்டிக்காட்டினார். அங்கே லஜ்பத் நகர் நடைபாதையில் வாங்கின பிளாஸ்டிக் கடிகாரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இது காட்டற நேரத்துக்கு எவன் சார் மரியாதை குடுப்பான்?" என்றார்.

அட, ஆமாம்! இத்தனை வருஷம் நாங்கள் தாமதமாக வந்ததற்கு நாங்கள் காரணமே இல்லை. எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது.

மன்றத் தலைவர் சங்கரநாராயணன் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்தச் சமயம் லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தவர், அங்கே ஓர் ஏலத்தில் புராதனமான ஆங்கிலேயப் பயணக் கடிகாரம் ஒன்றை எடுத்து, கைப்பையில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்து மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அடடா, என்ன அழகு! குதிரை வண்டியில் போகும் துரைமார் கூடவே எடுத்துப் போவதற்காகச் செய்ததாம். பித்தளைக் கூண்டு, நாலு பக்கமும் கனத்த கண்ணாடி, தூக்க மேலே ஒரு பிடி. வெள்ளைப் பீங்கான் முகத்தில் ரோமன் எண்கள். மேல் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு சக்கரம் மூச்சு விடுவது மாதிரி முன்னும் பின்னும் சுழலும். மணிக்கு மணி, கோவில் மணியை எட்ட நின்று கேட்கிற மாதிரி நிதானமாக அடிக்கும்.

அதன் உள்ளே இருந்தது சாதாரண யந்திரம் இல்லை, க்ரோனோமீட்டர். நடுச்சமுத்திரத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. நாளெல்லாம் ஓடினாலும் ஒரு நொடி முன்னே பின்னே போகாது. ஒரே ஒரு குணம் உண்டு. நின்றுபோனால் சாவி கொடுத்தாலும் தானாகக் கிளம்பாது. கூண்டை லேசாக ஒரு திருகு திருகி உசுப்பிவிட வேண்டும். ஆயுசு பூராவும் சர்க்கார் ஆபீசில் கழித்த எனக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

கூடவே ஒரு சாவியும் ஒரு சின்னக் கையேடும் வந்தன. சாவியின் ஒரு முனை சுருள்வில்லை முறுக்குவதற்கு, மறுமுனை முள்ளை நகர்த்துவதற்கு. கையேட்டில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை: முள்ளை ஒருபோதும் பின்னோக்கித் திருப்பாதே. முன்னோக்கித் திருப்பும்போதும் ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்கும் வரை காத்திரு.

செயற்குழு இரண்டு தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றியது. ஒன்று, மன்றக் கடிகாரம் காட்டுவதே மன்ற நேரம். இரண்டு, 'சாவிப் பொறுப்பாளர்' அச்சுதன். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது, குளிக்கும்போது தவிர.

இந்தக் கடிகாரத்தால் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்ட ஜீவன் ஒன்று உண்டு. என் சகதர்மிணி ஜெயலட்சுமி.

அவள் மாயவரம் பக்கத்துக்காரி. நலுங்குப் பாட்டில் கெட்டிக்காரி. கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார்த்தி வைத்து, மாப்பிள்ளை வீட்டாரை மானாவாரியாகக் கேலி பண்ணிப் பெண்கள் பாடுவார்களே, அதுதான். யார் எதிரே உட்கார்ந்தாலும் அந்த நிமிஷமே அவர்களையும் பாட்டுக்குள் இழுத்து வைத்துத் தைத்துவிடுவாள். தில்லியில் அதற்கு எங்கே இடம்? கல்யாணமெல்லாம் டி.ஜே. வைத்து நடக்கிறது. ஆகவே மன்றத்து மேடையில் ஒரே ஒரு தடவை, எட்டு நிமிஷம், மைக் முன்னால் பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வருஷா வருஷம் நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இருக்கும், கடைசியில். நிரலைத் தயார் பண்ணுகிறவன் நானாயிற்றே, சொந்தப் பெண்டாட்டியை முன்னால் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? நேர்மைக்குப் பங்கம் வராமல் அவளைக் கடைசியில் போடுவேன். தலைவர் தாமதமாக வருவார், எல்லாரும் நீட்டி முழக்குவார்கள், கூடத்தைக் காலி பண்ணும் வேளை வந்துவிடும். அறிவிப்பாளர் சுஷ்மா, இங்கேயே பிறந்து வளர்ந்து தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து வாசிக்கிற பெண், "நேரமின்மை காரணமாக" என்று ஆரம்பிப்பாள். அந்த ஒரு சொற்றொடர் மட்டும் அவளுக்குத் தாளைப் பார்க்காமலே வரும்.

ஜெயலட்சுமி பட்டுப்புடவையோடு போய்ப் பட்டுப்புடவையோடு திரும்பி வருவாள். அன்றைக்கு ரசத்தில் மட்டும் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கடிகாரம் வந்த அன்று அதை எங்கள் குவார்ட்டர்ஸ் மேஜைமேல் வைத்து அவளுக்குக் காட்டினேன். குனிந்து உள்ளே ஓடுகிற சக்கரத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது பொய் சொல்லாதோன்னா?" என்று கேட்டாள்.

"சமுத்திரத்திலேயே பொய் சொல்லாதுடி," என்றேன்.

"அப்போ இந்தத் தடவை பாடிடுவேன்," என்றாள். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தை பிறந்து, மாதக் கடைசியில் நான் ரிட்டையர் ஆகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டுத் திருச்சிக்குப் போகிறோம். மிச்சம் இருந்தது இரண்டே விழா, தீபாவளிச் சந்திப்பும் பொங்கல் விழாவும்.

தீபாவளிச் சந்திப்பன்று நான் முன்னாடியே போய், மேடையில் சிவப்பு வெல்வெட் விரித்துக் கடிகாரத்தை எழுந்தருளப் பண்ணினேன். புதுக் கடிகாரத்தைப் பார்க்கிற ஆசையில் ஜனங்களும் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பத்து அடித்தது. ஆஹா என்றார்கள். பதினொன்றும் அடித்தது. யாரும் ஆஹா என்று சொல்லவில்லை. தலைவரின் கார் வந்து நின்றபோது கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

தலைவர் மேடை ஏறினார். கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். இந்த மாதிரி ஒரு தர்மசங்கடம் மன்றத்தின் சரித்திரத்தில் வந்ததில்லை. மன்றத் தீர்மானப்படி கடிகாரம் தப்பாது. மன்ற மரபுப்படி தலைவர் தப்பமாட்டார். இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும். சபையில் முக்கால்வாசிப் பேர் கைபேசியை எடுத்து மணி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மறுபடி பையில் போட்டுக்கொண்டார்கள்.

மகாதேவன்தான் காப்பாற்றினார். "சார், கடிகாரம் ஃபாஸ்ட்டா ஓடறது," என்றார்.

"எவ்வளவு ஃபாஸ்ட்?" என்று கேட்டார் தலைவர்.

"விழா பத்து மணிக்கு. சார் இப்பத்தான் வந்திருக்கேள். அப்போ இப்ப மணி பத்துதானே? ஒரு மணி இருபது நிமிஷம் ஃபாஸ்ட்."

இந்தக் கணக்கில் யாருக்கும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். லண்டன் ஆசாமி, தில்லி டிராஃபிக் அதுக்குத் தெரியாது, போகப் போகப் பழகிக்கும், வையாதீங்கோ என்று கடிகாரத்துக்காகப் பரிந்து பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "அச்சுதன், ஜல்தி," என்று அவசரப்படுத்தினார்.

நான் சாவியை எடுத்தேன். கையேட்டு எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. முள்ளைப் பின்னால் தள்ளக் கூடாது. ஆகவே பதினொன்று இருபதைப் பத்தாக்க ஒரே வழி, முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே போவது. சுற்றினேன். பன்னிரண்டு அடித்தது, அடித்து முடிக்கும் வரை நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு முழுப் பகல் அளவுக்குக் காலத்தைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனேன். கடைசியில் பத்து அடித்ததும் யாரோ கைதட்டினார்கள். உடனே கூடமே கைதட்டியது. ஏதோ மங்களச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கும் ஜெயலட்சுமி பாடவில்லை. நேரமின்மை காரணமாக.

அடுத்த செயற்குழுவில் விஷயம் ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது. கடிகாரத்தை என் வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், ரேடியோ நேரத்தோடு ஒரு நொடியும் விலகவில்லை என்று நான் கடமை தவறாமல் தெரிவித்தேன். "வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே விழா மேடையில் மட்டும் தலைவரைக் குறிவைத்து வேகமாக ஓடுகிறது என்பது நிரூபணமாகிறது" என்று மகாதேவன் குறிப்பு எழுதினார். இருந்தாலும் விருந்தாளியை அவமதிக்கலாகாது. இனி ஒவ்வொரு விழாவிலும் தலைவர் வந்து அமர்ந்ததும் கடிகாரத்தைப் பத்து மணிக்குக் கொண்டுவருவது, அதை நிகழ்ச்சி நிரலில் முறையாகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. குத்துவிளக்கு ஏற்றுதல், கடிகாரம் சுற்றுதல், இறைவணக்கம். 'கடிகாரம் சுற்றுபவர்: திரு. அச்சுதன்.' அழைப்பிதழில் என் பெயர் அச்சாகி வந்தது அதுதான் முதல் தடவை. ஜெயலட்சுமியின் பெயரும் இருந்தது, கடைசியில்.

இந்தத் தடவை மகாதேவனிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். அவரும் அச்சா அச்சா என்று தலையாட்டி, மன்ற நேரப்படி பன்னிரண்டுக்கு விழா முடிகிறது, கூடம் ஒரு மணி வரைக்கும் நம்முடையது, மாமி தாராளமாகப் பாடலாம் என்றார். நான் அப்படியே போய் அவளிடம் சொன்னேன்.

"எந்த நேரப்படி பன்னண்டு?" என்று கேட்டாள்.

பெண்களுக்கு நிர்வாக நுணுக்கம் பிடிபடுவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பொங்கல் விழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. தில்லி ஜனவரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எதிர் பிளாக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பனிமூட்டம். குரங்குக் குல்லாவும் சால்வையுமாக ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜெயலட்சுமி அரக்குப் பட்டுப்புடவையில், ஸ்வெட்டர் போடாமல், ஸ்ருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் போட்டுக்கோ என்றேன். மேடையிலே புடவை தெரியாது என்றாள்.

தலைவர் வந்தபோது கடிகாரம் பதினொன்றரை காட்டியது. பனிமூட்டம்தான் என்றார். அவர் வீடு பக்கத்து செக்டார். நான் சாவியை எடுத்துச் சுற்றினேன். பன்னிரண்டிலிருந்து பத்து வரைக்கும் ஒவ்வொரு மணியாக, வழக்கமான கம்பீரத்தோடு, அவசரமே படாமல். கைதட்டல். சரியாகப் பத்து மணிக்கு இறைவணக்கம் தொடங்கியது. தலைவர் எழுந்து 'காலம் பொன் போன்றது' என்ற பொருளில் உரையாற்றினார். அந்தப் பொன்னை அவர் தாராளமாகச் செலவழித்தார். சிறப்பு விருந்தினர், தலைவர் சொன்னதையே ஆமோதித்து இன்னொரு முறை சொன்னார். மகாதேவன் நன்றியுரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சமாகும் என்று ஆரம்பித்து, மன்றத்தின் முப்பது வருஷ வரலாற்றை எடுத்தார்.

கடிகாரத்தில் மணி பதினொன்றரை நெருங்கியது. இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று நான் ஜெயலட்சுமியைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினேன். அவள் பார்வை என்மேல் இல்லை, வாசல் பக்கம் இருந்தது. அங்கே நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய பலூன் கொத்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பந்தல் அலங்காரம் செய்கிற டென்ட்வாலா. அவனுக்குப் பின்னால் நாலு ஆள், ஒரு ஜெனரேட்டர் ஒயர், ஆள் உயரத்துக்குத் தெர்மாகோலில் வெட்டின ஒன்று என்ற எண்.

"பாய்சாப், ஏக் பஜ் கயா," என்றான் டென்ட்வாலா. மணி ஒன்றாகிவிட்டதாம். அரோரா என்கிற பஞ்சாபி வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாளாம், கூடம் இனி அவர்களுடையதாம்.

மகாதேவன் அவனை மேடைக்கு அழைத்து, மரியாதையாகக் கடிகாரத்தைக் காட்டினார். இது க்ரோனோமீட்டர், பாய்சாப், கப்பலில் வைப்பது, பொய் சொல்லாது என்று இந்தியில் விளக்கினார். டென்ட்வாலா குனிந்து, கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தான். ரொம்ப அழகு என்று மனமாரப் பாராட்டினான். பிறகு எங்கள் மைக்கின் ஒயரைப் பிடுங்கினான்.

சுஷ்மா மைக் இல்லாமலே வாயைத் திறந்தாள். "நேரமின்மை காரணமாக" என்று அவள் சொன்னது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. ஜனங்கள் அதற்குள் பொங்கல் வாங்க வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

நானும் போனேன். கடிகாரத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வர வேண்டுமே! வரிசையில் நின்று தொன்னையில் வெண்பொங்கல் வாங்கிக் கொத்சுவையும் ஊற்றிக்கொண்ட பிறகுதான் ஜெயலட்சுமியைக் காணோம் என்பதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தால், கூடத்துக்குள்ளே மேடைப் படி ஓரமாக அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் அவள் நாற்காலிக் காலிலும் ஒரு பலூனைக் கட்டிவிட்டுப் போனான்.

குழந்தையின் அம்மா, இளம்பெண், ஜீன்ஸும் உச்சியில் ஏற்றிய கறுப்புக் கண்ணாடியுமாக, மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையையும் ஸ்ருதிப் பெட்டியையும் பார்த்தாள். என்ன கேட்டாளோ, இவள் என்ன பதில் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. ஜெயலட்சுமியின் இந்தி கறிகாய்க் கடை தாண்டிப் போனதில்லை. அந்தப் பெண் மைக்கை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"ஆண்ட்டிஜி, ஏக் கானா ஹோ ஜாயே," என்றது ஒலிபெருக்கி. ஒரு பாட்டு ஆகட்டும் என்று அர்த்தம். பிறந்தநாள்காரர்களின் ஒலிபெருக்கி எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு பெரிது. வராந்தாவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் நிமிர்ந்தார்கள்.

முதல் அடியில் குரல் கொஞ்சம் கம்மியது. ஸ்ருதி பிடிபட்டதும் எழுந்து நின்றுகொண்டாள். குழந்தையின் மொட்டைத் தலையைப் பாடினாள், அதன் அப்பாவின் தொப்பையைப் பாடினாள். ஒரு வார்த்தை புரியாமலே பஞ்சாபிகள் தாளம் தட்டி, இரண்டு சின்னப் பெண்கள் ஆடவே தொடங்கிவிட்டார்கள். அப்புறம் அவள் வராந்தாப் பக்கம் திரும்பினாள். தொன்னையும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்தாள்.

வெள்ளைக்காரன் கடியாரம்
வந்ததடி வீட்டுக்கு, அதன்
முள்ளைத் தள்ளி வைக்கிறாராம்
மாப்பிள்ளை தன் பாட்டுக்கு!

பத்து மணி ஆச்சுதுன்னு
பாக்கு வெச்சு அழைச்சாளாம்,
பட்டப் பகல் போன பின்னும்
பத்து தானாம், சொன்னாளாம்!

வராந்தாவில் யாரோ ஒரு மாமி களுக்கென்று சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. பின்வரிசை ஆண்கள்கூடக் கொத்சுவைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். பாட்டு முழுசாக எட்டு நிமிஷம். யாரும் வெட்டவில்லை. கேக் காத்திருந்தது. முடிந்ததும் அந்த இளம்பெண் ஜெயலட்சுமியைக் கட்டிக்கொண்டு, குழந்தையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

தலைவர் வடையைக் கடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நன்னாப் பாடறாளே, யாரு இந்த அம்மா? இவாளையெல்லாம் நம்ம மேடையிலே ஏன் போடறதில்லை, அச்சுதன்?"

நான் அவருக்கு இன்னொரு வடை எடுத்து வைத்தேன்.

மறுவாரம் செயற்குழு அவசரமாகக் கூடியது. மன்றத்தின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கை உறுப்பினர்கள் கவலையோடு விவாதித்தார்கள். தலைவரின் காதுக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது, அவரைப் போலவே. ஜெயலட்சுமிமேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்த்தார்கள். மன்ற நேரப்படி அவள் பாடினபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது, ஆகவே அவள் நன்றியுரைக்கு இடையூறு செய்தவள் ஆகிறாள் என்றார் மகாதேவன். ஆனால் பாடினது அரோரா வீட்டு விழாவில். அதிகார எல்லை இடித்தது. கடைசியில் எல்லாக் குழப்பத்துக்கும் மூலகாரணம் எதுவோ அதன்மேலேயே நடவடிக்கை எடுப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

விலை மதிக்க முடியாத புராதனப் பொருள் ஓடி ஓடித் தேயலாகாது என்ற நல்லெண்ணத்தில், கடிகாரத்தை நிரந்தரமாகப் பத்து மணியில் நிறுத்தி வைப்பது என்று தீர்மானம். அந்தப் பொறுப்பும் எனக்கே. கூண்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை ஒரு காகிதத் துண்டால் தொட்டேன். நின்றது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திருகி உசுப்பவில்லை. அதே கூட்டத்தில் எனக்குப் பிரிவுபசாரமும் நடந்தது. காலம் தவறாமைக்கு மன்றம் ஆற்றிய தொண்டைப் பாராட்டித் தலைவருக்கு ஒரு சால்வை, மகாதேவனுக்கு ஒன்று. சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு எனக்கும் ஒன்று.

வீட்டுக்கு வந்தால் ஜெயலட்சுமி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விவரத்தைப் பெருமையாகச் சொன்னேன். இனி மன்றத்தில் யாரும் தாமதமே கிடையாது, எப்போது வந்தாலும் மணி பத்து என்றேன்.

அவள் ஒரு தம்ளரைச் சுற்றி முடித்து உள்ளே வைத்தாள்.

"ஏன்னா, என் பாட்டுக்கு வேண்டியிருந்தது எட்டே நிமிஷம்," என்றாள். "பொங்கலன்னிக்கு நீங்க மேடையிலே நின்னு முள்ளைச் சுத்தினேளே, அது எத்தனை நிமிஷம்னு தெரியுமா?"

தெரியாது. நான் தலைவரைப் பார்த்துக்கொண்டே சுற்றியதால் மணி பார்க்கவில்லை.

"உக்காந்து பார்த்துண்டிருந்தேன். என் பாட்டு அதுக்குள்ளே முடிஞ்சிருக்கும்," என்றாள். சொல்லிவிட்டு அடுத்த தம்ளரை எடுத்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

ஆகவே, தமிழ் கூறும் நல்லுலகம் எங்கள் மன்றத்தைப் பார்த்துக் காலம் தவறாமையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். அங்கே சொன்ன நேரத்தைச் சொன்னபடி காட்டிய உறுப்பினர் ஒருவர்தான் இருந்தார். அவரை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டோம். என்னுடையது நல்ல காஷ்மீர்க் கம்பளி. திருச்சி வெயிலில் போர்த்திக்கொள்ளத்தான் முடியவில்லை.